மிஸ் களைத்துப்போனால் பிள்ளையின் படிப்புக்கு என்ன ஆகும்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். யுகேஜி படிக்கும் உங்கள் மகளின் மிஸ், ஜூன் மாதம் சிரித்த முகமாக வாசலில் நின்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு போனவர், தீபாவளிக்குப் பிறகு எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். "வாயை மூடு" என்று அவர் போடும் சத்தம் கேட் வரைக்கும் கேட்கிறது. மகளும் வீட்டில் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து அதே குரலில் மிரட்டுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "மிஸ்ஸின் டென்ஷன் என் பிள்ளையின் படிப்பைக் கெடுக்குமா, பள்ளியை மாற்றிவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அ, ஆ சொல்லித் தருவதற்கும் சொல்லித் தருகிறவரின் மனநிலைக்கும் என்ன சம்பந்தம்? யார் சொன்னாலும் எழுத்து அதே எழுத்துதானே? முதலில் இதைப் பேசிவிட்டால் மற்றதற்கு வழி தெரியும்.

நான் ஆறு வருடம் நர்சரி பள்ளியில் மிஸ்ஸாக இருந்துவிட்டு, பிறகு இருபது வருடத்துக்கு மேல் தென் மாவட்டங்களில் பால்வாடி டீச்சர்களுக்கும் நர்சரி ஆசிரியைகளுக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறேன். வகுப்பின் பின்வரிசையில் பாயில் உட்கார்ந்து, ஒரு நாளில் என்ன நடக்கிறது என்று நிமிடம் நிமிடமாகக் குறித்துக்கொள்வது என் வேலையில் பெரும்பகுதி. நான் மனநல மருத்துவர் இல்லை. உங்கள் மகளின் மிஸ்ஸை நான் பார்த்ததும் இல்லை. அதனால் அவருக்கு என்ன ஆயிற்று என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். இந்த மாதிரி வகுப்புகளில் பொதுவாக என்ன நடக்கிறது, ஆய்வுகள் எதை உறுதியாகச் சொல்கின்றன, எதில் தயங்குகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

நாலு, ஐந்து வயதில் படிப்பு என்பது பெரும்பாலும் பேச்சுதான். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு பையன் புளியங்கொட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு" என்கிறான். தெம்பாக இருக்கிற டீச்சர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "எங்க, என் கையில எடுத்து வை பாப்போம்" என்பார். அவன் ஒவ்வொன்றாக வைக்கும்போது "மூணு வச்சிட்ட, இன்னொண்ணு வச்சா?" என்று நிறுத்துவார். அவன் யோசிப்பான். பத்து வினாடி ஆகும். அவர் காத்திருப்பார். "நாலு!" என்று அவன் சொல்லும்போது எண்ணிக்கை மட்டும் அவனுக்குள் போகவில்லை. யோசித்தால் விடை வரும், நான் யோசிப்பதற்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பதும் சேர்ந்தே போகிறது. களைத்துப்போன டீச்சர் நின்ற இடத்திலிருந்தே "நாலு விட்டுட்ட, முதல்லேர்ந்து சொல்லு" என்பார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. காணாமல் போனது அந்தப் பத்து வினாடிதான். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை பத்து வினாடிகள், ஒரு வருடத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மன அழுத்தம் பிள்ளையின் படிப்பைத் தொடுகிற இடம் இதுதான் என்று நான் நம்புகிறேன். பாடத்திட்டம் அப்படியே இருக்கும், நோட்டு நிறையும், காத்திருக்கும் பொறுமை மட்டும் இல்லாமல் போகும்.

இதை வெளியிலிருந்து பார்த்து மட்டும் சொல்லவில்லை. நான் மிஸ்ஸாக இருந்த நாலாவது வருடம் என் அம்மா மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரவு அங்கே, பகலில் நாற்பத்திரண்டு எல்கேஜி பிள்ளைகள். ஒரு பெண் குழந்தை தினமும் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, பூனைக்குட்டி போட்டது, அண்ணன் கீழே விழுந்தான் என்று ஏதாவது கதை சொல்லும். ஒரு நாள் அந்தக் கையைத் தட்டிவிட்டு "போய் உக்காரு" என்று கத்தினேன். அது அழவில்லை. போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாள் கதை இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அம்மா வீடு திரும்பி நான் பழையபடி ஆன பிறகும், அந்தக் குழந்தை மறுபடி என்னிடம் வந்து தானாக ஒரு வாக்கியம் சொல்வதற்கு ஜனவரி ஆகிவிட்டது. வாயாடிக் குழந்தை ஒன்று ஒரு பருவம் முழுக்க வகுப்பில் பேசவில்லை என்றால், அந்தப் பருவத்தில் அது கற்றிருக்க வேண்டிய மொழி எங்கே போயிற்று? இன்றைக்கும் எனக்கு இது உறுத்துகிறது.

இன்னொன்றும் என் கண்ணால் பல இடங்களில் பார்த்தது. வேலை கழுத்தைப் பிடிக்கும்போது வகுப்பில் எழுத்து வேலை கூடும். காரணம் எளிது. முப்பத்தைந்து பிள்ளைகள் பாடினால் சத்தம், விளையாடினால் சத்தம், களிமண் எடுத்தால் அப்புறம் முப்பத்தைந்து ஜோடி கை கழுவ வேண்டும். நாலு கோடு நோட்டைத் திறக்கச் சொல்லி, "கரும்பலகையில இருக்கறதை ஒரு பக்கம் எழுதுங்க" என்றால் இருபது நிமிடம் அமைதி. அந்த இருபது நிமிடம்தான் அவர் தண்ணீர் குடிக்கிற நேரம், டைரியில் கையெழுத்துப் போடுகிற நேரம். கையைக் கட்டு, வாய்மேல் விரல் என்கிற வழக்கமும் இப்படித்தான் வருகிறது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதைக் கொடுமைக்காரியின் குணம் என்று பார்த்தால் தீர்வு கிடைக்காது; ஒரு ஆளால் தாங்க முடியாத வேலையைத் தாங்குவதற்குக் கண்டுபிடித்த உபாயம் அது. கதை நேரம் முதலில் போகும், விளையாட்டுச் சாமான்கள் அலமாரிக்குள் பூட்டப்படும், கேள்விகள் "புரிஞ்சுதா?" என்று சுருங்கும். பிள்ளைகள் கோரஸாக "புரிஞ்சுது மிஸ்" என்பார்கள். பெற்றோருக்கோ நோட்டு நிறைந்திருப்பதைப் பார்த்துத் திருப்தி.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது, சின்ன வகுப்புகளில் ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவின் தரம் படிப்பைத் தொடுகிறது என்பது. அமெரிக்காவில் பிரிஜெட் ஹாம்ரே, ராபர்ட் பியான்டா இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் படிப்பில் தடுமாறக்கூடும் என்று கருதப்பட்ட பிள்ளைகளை முதல் வகுப்பில் பின்தொடர்ந்தார்கள். அரவணைப்பும் நல்ல கற்பித்தலும் உள்ள வகுப்பில் விழுந்தவர்கள் ஆண்டு முடிவில் மற்றப் பிள்ளைகளோடு ஏறத்தாழச் சமமாக நின்றார்கள். அது கிடைக்காத வகுப்பில் விழுந்தவர்கள் பின்தங்கினார்கள். ஆசிரியரோடு உரசலும் அவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. களைப்பு அந்த உறவைக் குலைக்கிறது என்பதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் மழலையர் வகுப்புகளில் ஆயிரம் ஆசிரியர்களைக் கேட்டு 2015-இல் வந்த ஆய்வில், பணியிட அழுத்தம் கூடக் கூடப் பிள்ளைகளோடு மோதல் கூடுவதாகத் தெரிந்தது. பாட்ரிஷியா ஜென்னிங்ஸ், மார்க் க்ரீன்பெர்க் இருவரும் 2009-இல் இதை ஒரு சரிவாக விவரித்தார்கள்: பிள்ளைகளைச் சமாளிக்க முடியாத ஆசிரியர் கடுமையாகிறார், வகுப்பு இன்னும் கட்டுமீறுகிறது, அவர் இன்னும் சோர்கிறார், இன்னும் கடுமையாகிறார். உங்கள் மகளின் மிஸ் ஜூனில் ஒருவராகவும் நவம்பரில் வேறொருவராகவும் தெரிவதாக நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

இனித் தயங்க வேண்டிய இடம். ஆசிரியரின் அழுத்தத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்வது வேறு, முன்னது பின்னதைக் கெடுத்துவிட்டது என்று சொல்வது வேறு. கனடாவில் ஈவா ஓபர்லே, கிம்பர்லி ஷோனர்ட்-ரைக்கல் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு பத்திரிகைகளில் அடிக்கடி வரும். களைத்துப்போன ஆசிரியர்களின் வகுப்பில் இருந்த பிள்ளைகளின் எச்சிலில், கார்ட்டிசால் என்கிற அழுத்த ஹார்மோன் காலையில் கூடுதலாக இருந்தது. "டீச்சரின் டென்ஷன் பிள்ளைக்குத் தொற்றுகிறது" என்று உடனே தலைப்புப் போட்டுவிட்டார்கள். ஆனால் அது நாலாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளிடம் செய்தது, யுகேஜியில் இல்லை. பதினேழே வகுப்புகள். முக்கியமாக, அம்பு எந்தப் பக்கம் பாய்கிறது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஏற்கெனவே வீட்டுப் பிரச்சினைகளோடு வருகிற பிள்ளைகள் நிறைந்த வகுப்புதான் ஆசிரியரைச் சோர்வடையச் செய்ததோ என்னவோ; அதை ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். 2014-இல் மழலையர் வகுப்புகளில் செய்த இன்னொரு ஆய்வு இந்த எதிர்த்திசையைத்தான் எடுத்துக்கொண்டது: பிள்ளைகளின் நடத்தைப் பிரச்சினைகள் ஆசிரியரின் வேலை அழுத்தத்தோடு எப்படிச் சேர்ந்து போகின்றன என்று பார்த்தது. என் அனுபவத்தில் இரண்டு பக்கமும் பாய்கிறது.

அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியரின் அரவணைப்போடு ஒப்பிட்டால், அவருடைய மனச்சோர்வுக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் நேரடியாகக் காணப்படும் தொடர்பு சின்னதுதான். ஆய்வுக்கு ஆய்வு மாறவும் செய்கிறது. வீடு, சாப்பாடு, தூக்கம், அம்மா அப்பாவின் பேச்சு எல்லாம் அதைவிடப் பெரிய கைகள். அதனால் "மிஸ் டென்ஷனாக இருந்தார், என் மகளின் எதிர்காலம் போச்சு" என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஒரு கடினமான வருடத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் தாண்டிவிடுவார்கள். உள்ளே நொறுங்கிக்கொண்டிருந்தும் வகுப்பறை வாசலில் செருப்போடு அதையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிற டீச்சர்களை எனக்குத் தெரியும். புருஷன் செத்துப் பதினாறாம் நாள் முடிந்து வந்து, பிள்ளைகளுக்குக் கோழிக்குஞ்சு மாதிரி நடந்து காட்டிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அது சுலபமாக வருவதில்லை, அதற்கான விலையை அவர் உடம்பு கொடுக்கிறது. ஆனாலும் அழுத்தம் உள்ள ஆசிரியர் எல்லாம் கெட்ட ஆசிரியர் என்று சொல்லிவிட முடியாது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது ஒரே மாதிரி படுவதும் இல்லை. லீ மெக்லீன், கரோல் கானர் இருவரும் 2015-இல் மூன்றாம் வகுப்புகளில் செய்த ஆய்வில், ஆசிரியரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தபோது கணக்கில் ஏற்கெனவே பலவீனமாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் அடி விழுந்தது. நன்றாகப் போடுகிறவர்களிடம் அவ்வளவு தெரியவில்லை. 27 ஆசிரியர்கள்தான், சின்ன ஆய்வு. ஆனால் நான் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. வீட்டில் கதை கேட்டு வளர்கிற பிள்ளை மிஸ் கொடுக்காததை அம்மாவிடம் எடுத்துக்கொள்ளும். தறியோ தீப்பெட்டி ஆபீஸோ போய் இரவு எட்டு மணிக்கு வருகிற அம்மாவின் பிள்ளைக்கு, நிதானமாகப் பேசுகிற ஒரே பெரிய மனுஷி டீச்சராக இருக்கலாம். அந்த ஒருத்தியும் களைத்துவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? அப்புறம், சத்தமில்லாத பிள்ளைகள். துறுதுறு பையனுக்குத் திட்டாவது கிடைக்கும். மூலையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் களைத்த டீச்சர் நாள் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்துவிட முடியும். அவருக்கே அது தெரியாது. நான் குறித்துவைத்த தாளைக் காட்டியபோது "இவகிட்ட நான் பேசவே இல்லையா?" என்று கண் கலங்கிய டீச்சர்கள் உண்டு.

இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான். பால்வாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியபோதே ஆறு சேவைகளை ஒரு அங்கன்வாடியின் தலையில் வைத்தார்கள்: சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துக் கல்வி, முன்பருவக் கல்வி. பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது ஆறில் ஒன்று. காலையில் டீச்சர் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாட்டுத் தொடங்கியிருப்பார். கர்ப்பிணி ஒருவர் சத்துமாவு வாங்க வருவார். எடை பார்க்கக் கைக்குழந்தையோடு இன்னொருவர் நிற்பார். மையத்தின் விவரங்களை ஃபோனில் பதிவதற்கான போஷன் டிராக்கர் என்கிற அரசுச் செயலி 2021-இல் வந்த பிறகு, சிக்னல் கிடைக்கிற வேப்பமரத்தடிக்கு ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் இவர்களுக்குத்தான். பக்கத்து ஊர் டீச்சர் ஓய்வு பெற்று அந்த இடம் காலியாக இருந்தால் அதுவும் 'கூடுதல் பொறுப்பு'. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று நம் மாநிலத்தில் நல்லதொரு பாடத்திட்டம் இருக்கிறது. ஆடவும் பாடவும் ஆள் வேண்டுமே. மத்திய அரசின் கணக்கில் இவர்கள் மதிப்பூதியம் பெறும் தொண்டர்கள். அதன் அளவு 2018 அக்டோபரில்தான் மாதம் 3000-இலிருந்து 4500 ரூபாய் ஆயிற்று. மாநில அரசு இதற்கு மேல் சேர்த்துக் கொடுக்கிறது என்பது உண்மை. ஆனாலும் பணிக்கொடைக்குத் தகுதி உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு திட்டத்தில், அதைத் தூக்கிச் சுமந்த பெண்களுக்கு இதைக்கூட வழக்குப் போட்டு வாங்க வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தனியார் நர்சரி வேறு மாதிரி. அங்கே சத்துமாவு இல்லை, அட்மிஷன் இருக்கிறது. ஏப்ரல், மே வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்க்கச் சொல்கிற பள்ளிகள் உண்டு. ஆண்டுவிழா டான்ஸ், தினமும் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ, இரவு பத்து மணிக்கு "மிஸ், என் பையன் வாட்டர் பாட்டில் காணோம்". மூன்று முதல் ஆறு வயதுக்கு ஒரு பெரியவருக்கு 20 பிள்ளைகள் என்று, முன்பருவப் பராமரிப்புக்கும் கல்விக்கும் 2013-இல் வந்த தேசியக் கொள்கையும் அதன் தர வரையறையும் சொல்கின்றன. கல்வி உரிமைச் சட்டமோ ஆறு வயதில்தான் தொடங்குகிறது. எல்கேஜி, யுகேஜி அதன் ஆசிரியர்-மாணவர் விகித விதிக்கு வெளியே நிற்கின்றன. நான் போன வகுப்புகளில் நாற்பது சாதாரணம். ஆயம்மா இரண்டு வகுப்புக்கு ஒருவர். ஒரு பிள்ளை பாத்ரூமுக்கு என்றால் மிஸ் கூடப் போவதா, மீதி முப்பத்தொன்பது பேரைப் பார்ப்பதா? இதனால் தாங்கள் பாத்ரூம் போவதையே நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்போடு வேலை செய்கிற பெண்கள் எத்தனையோ பேர். பயிற்சி வகுப்பில் "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டால் சம்பளத்துக்கு முன்னால் இதைச் சொன்னவர்கள் உண்டு.

அப்படியென்றால் கூட ஒரு ஆள் இருந்தால் என்ன ஆகும்? இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது, நம்மில் பலருக்குத்தான் தெரியவில்லை. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் இங்கே 320 அங்கன்வாடி மையங்களில் ஒரு பரிசோதனை செய்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த மையங்களில், பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவதற்கென்றே அரைநாள் வேலைக்கு ஒரு பெண்ணைக் கூடுதலாகப் போட்டார்கள். மற்ற மையங்கள் பழையபடி. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பாகியிருந்தது. மையத்தில் தொடர்ந்து இருந்த பிள்ளைகளின் தேர்ச்சி கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்டவிலக்கம் கூடியிருந்தது. எளிதாகச் சொன்னால், நூறு பேரைக் கீழிருந்து மேலாக நிறுத்தினால் ஐம்பதாவதாக நிற்கிற பிள்ளை மொழியில் ஏறக்குறைய 68-ஆவது இடத்துக்கு ஏறுவதற்குச் சமம். அதைவிட என்னைத் தொட்டது வேறொன்று: வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளின் விகிதமும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும்கூட அந்த மையங்களில் குறைந்திருந்தன. ஏனென்றால் பழைய டீச்சர் சத்துணவு, உடல்நல வேலையில் நிதானமாக நிற்க முடிந்தது. அந்த ஆய்வு டீச்சர்களின் மனச்சோர்வை அளப்பதற்காகச் செய்ததில்லை, ஆள் பற்றாக்குறையைப் பற்றியது. ஆகவே "அழுத்தம் குறைந்ததால் படிப்பு வந்தது" என்று அதைத் திரித்துச் சொல்ல மாட்டேன். நேரம் கிடைத்ததால் வந்தது என்பதுதான் சரி. ஆனால் நான் மேலே சொன்ன பத்து வினாடி நினைவிருக்கட்டும். ஒரு டீச்சருக்கு நேரமும் பொறுமையும் பெரும்பாலும் ஒரே பையிலிருந்துதான் வருகின்றன.

வெளிநாட்டிலும் இதே பக்கம் காட்டுகிற சோதனைகள் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2019-இல் மழலையர் ஆசிரியர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில், வேலையில் தொடர்ந்தால் எட்டு மாதத்தில் 1500 டாலர் வரை கூடுதலாகக் கொடுத்தார்கள். குழந்தைப் பராமரிப்பு மையங்களில் வேலையை விட்டுப் போகிறவர்கள் 30 சதவீதத்திலிருந்து 15 ஆனார்கள். நடு வருடத்தில் மிஸ் மாறினால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று தெரிந்த எவருக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். சிகாகோவில் சிபில் ரேவர் குழுவினர் ஹெட் ஸ்டார்ட் வகுப்புகளில், ஆசிரியர்களுக்கு வகுப்பைச் சமாளிக்கும் பயிற்சியோடு, வாரம் ஒரு நாள் வகுப்புக்கே வந்து பக்கத்தில் நின்று உதவும் மனநல ஆலோசகரையும் கொடுத்தார்கள். பிள்ளைகளின் நடத்தை சீரானது; எழுத்தறிவு, சொல்வளம், தொடக்கக் கணக்கு மூன்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. மூச்சுப் பயிற்சி, தியானம் மாதிரியானவைகூட ஆசிரியருக்கு நன்மை செய்வதாக நல்ல பரிசோதனைகள் சொல்கின்றன, நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் நாற்பது பிள்ளைகளைக் கையில் கொடுத்துவிட்டு "மனதை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு மணி நேர வகுப்பெடுப்பதைப் பயிற்சி என்று நான் இப்போது ஒப்புக்கொள்வதில்லை.

இனி உங்கள் மகள். முதலில், கண்டிப்பையும் களைப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குரல் பெரியதாக இருக்கிற சில மிஸ்களிடம் பிள்ளைகள் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். பார்க்க வேண்டியது வேறு. ஒரு நாள் கால் மணி முன்னதாகப் போய் நில்லுங்கள். மிஸ் பிள்ளையின் உயரத்துக்குக் குனிகிறாரா? பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? பிள்ளைகள் அவரிடம் தாங்களாக எதையாவது சொல்ல வருகிறார்களா, இல்லை தள்ளியே நிற்கிறார்களா? வீட்டில் "இன்னைக்கு என்ன படிச்ச" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு யாராவது அழுதாங்களா, மிஸ் என்ன செஞ்சாங்க" என்று கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை அதற்கு நிஜமான பதில் சொல்லும். பொம்மையை மிரட்டுவதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பார்த்ததை விளையாடித் தீர்ப்பது பிள்ளைகளின் வழி. அந்த விளையாட்டில் நீங்களும் ஒரு பொம்மையாக உட்கார்ந்து, "மிஸ், எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். அவள் என்ன செய்கிறாள் என்பது உங்களுக்கு நிறையச் சொல்லும்.

அடுத்து, மிஸ்ஸிடம் பேசுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட வருகிற நெரிசலில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். நேரம் கேட்டு, தனியாக. புகாரோடு தொடங்காமல், "மிஸ், இந்த வருஷம் கிளாஸ்ல எத்தனை பேர்? உங்களுக்கு ஆயம்மா உதவி இருக்கா?" என்று தொடங்குங்கள். இந்த ஒரு கேள்வியை எந்தப் பெற்றோரும் தன்னிடம் கேட்டதில்லை என்று சொல்லி அழுத ஆசிரியைகள் உண்டு. அதற்குப் பிறகு உங்கள் மகளைப் பற்றிக் கேட்டால் பதிலும் வேறு மாதிரி வரும். நிர்வாகத்திடம் போவதென்றால் தனியாகப் போய் "அந்த மிஸ் சரியில்லை" என்று சொல்லாதீர்கள். அது அவர் தலையில்தான் விடியும், அடுத்து வருகிறவருக்கும் அதே நாற்பது பிள்ளைகள்தான். நாலைந்து பெற்றோராகச் சேர்ந்து, வகுப்புக்கு ஒரு ஆயம்மா வேண்டும், இரவில் மிஸ்களுக்கு மெசேஜ் அனுப்ப மாட்டோம் என்று நாங்களே முடிவு செய்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சின்னப் பள்ளியில் பெற்றோர் இப்படிக் கேட்டு இரண்டு மாதத்தில் ஆயம்மா வந்தார். எல்லா இடத்திலும் நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

பள்ளியை மாற்றுவது பற்றி: நடு வருடத்தில் மாற்றினால் புது இடம், புது முகங்கள், நண்பர்கள் இல்லை. அதுவும் ஒரு அழுத்தம்தான். சிடுசிடுப்பு மட்டும் என்றால் ஏப்ரல் வரை பொறுத்து, வீட்டில் தினமும் ஒரு கால் மணியாவது ஃபோனைத் தள்ளிவைத்துவிட்டு அவளோடு பேசுங்கள், கதை சொல்லுங்கள், அவள் யோசிக்கிற வரைக்கும் காத்திருங்கள். வகுப்பில் குறைவது அங்கே கொஞ்சம் நிரம்பும். ஆனால் அடி, கிள்ளு, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவது, பாத்ரூம் போக விடாமல் உட்காரவைப்பது, இருட்டு அறையில் பூட்டுவது இவற்றில் எது நடந்தாலும் காத்திருக்காதீர்கள். அதற்கு மிஸ்ஸின் களைப்பு காரணமாக இருக்கலாம், சமாதானமாக இருக்க முடியாது. அன்றைக்கே நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்; அசையவில்லை என்றால் 1098-ஐக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இல்லாத வயிற்றுவலி திங்கள்கிழமை காலை மட்டும் வருகிறது, நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பது திரும்ப வந்துவிட்டது, சாப்பாட்டுப் பெட்டி தொடாமலே வருகிறது என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இவை வேறு காரணத்தாலும் வரலாம். அதை அவர்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

மிஸ்ஸிடம் பேசிய பிறகு என்ன சொன்னார் என்று முடிந்தால் இங்கே எழுதுங்கள். வகுப்பில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு இடைவேளை, கதை நேரம் இருக்கிறதா என்பது தெரிந்தால் இன்னும் கொஞ்சம் குறிப்பாக என்னால் சொல்ல முடியும்.